கொட்டகைப் பாம்பின் சுபாவம்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லாஃபயெட் நகரப் பல்கலைக்கழகத்தில், டேவிட் பென்னிங், பிராட் மூன் ஆகியோரின் குழு மூன்று வகைப் பாம்புகளை அதிவேகக் கேமராவின் முன் விட்டுப் பார்த்தது. இரண்டு வகை கொடிய நஞ்சுள்ளவை: டயமண்ட்பேக் என்ற கிலுகிலுப்பைப் பாம்பும், சதுப்பு நிலத்தில் வாழும் காட்டன்மவுத் விரியனும். மூன்றாவது, மனிதருக்கு எந்த நஞ்சுத் தீங்கும் செய்யாத டெக்சாஸ் எலிப்பாம்பு. பஞ்சடைத்த கையுறையை நீட்டிச் சீண்டி, பாம்பு பாய்ந்து அதைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். பாய்ச்சலில் விரியன் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை என்பதே அதுவரை இருந்த எண்ணம். 2016-இல் வெளிவந்த அளவீடுகள் அந்த எண்ணத்தை மாற்றின. எலிப்பாம்பு விரியன்களுக்குச் சற்றும் சளைக்கவில்லை. அதன் பாய்ச்சல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட்டது. நாம் ஒருமுறை கண்ணிமைப்பதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வேண்டும்.

இவ்வளவு வேகமாகக் கடிக்கத் தெரிந்த பாம்பைத்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் வீட்டில் வளர்க்கிறார்கள். நெடுநாள் வளர்த்தவர்களைக் கேட்டால், மற்றப் பாம்புகளைவிட இதைத்தான் மெச்சிப் பேசுவார்கள். "சுறுசுறுப்பானது, எதையும் எட்டிப் பார்க்கும், நாம் அறைக்குள் வந்தால் கவனிக்கும்" என்பார்கள். அதே மூச்சில், "குட்டியாக இருந்தபோது கையைக் கிழித்துவிட்டது" என்றும் சொல்வார்கள். இந்த இரண்டு வாக்குமூலங்களும் ஒரே விலங்கைப் பற்றியவை, இரண்டுமே உண்மை. அந்த விலங்கின் காட்டு வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பது விளங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் வயல்களில் ஓடும் சாரைப்பாம்பையும் ஆங்கிலத்தில் எலியின் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் அது வேறு, இது வேறு. சாரை டையஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இங்கே பேசப்படும் அமெரிக்க எலிப்பாம்புகள் பாந்தெரோஃபிஸ் என்ற பேரினம். இரண்டும் கொலுப்ரிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் அடங்கும் தூரத்து உறவினர்கள், அவ்வளவே. சாரை பகலில் வயலில் விரட்டி வேட்டையாடும், இரையைச் சுற்றி நெரிக்காது. வாயால் கவ்வி, உடலால் தரையோடு அழுத்தி விழுங்கும். அமெரிக்க எலிப்பாம்போ மரமேறி. இரையை வளைத்துச் சுற்றி இறுக்கிக் கொல்லும். சுபாவமும் வாழ்முறையைப் போலவே வேறுபடும்.

பாந்தெரோஃபிஸ் பேரினத்தில் மிகப் பிரபலமானது கார்ன் ஸ்நேக். ஆரஞ்சு நிறத்தில் கருஞ்சிவப்புத் திட்டுகளுடன், மூன்று முதல் ஐந்தடி வரை வளரும். அதற்கு அண்ணன் போன்றது கருப்பு எலிப்பாம்பு. சாதாரணமாக நான்கு முதல் ஆறடி. எட்டடியைத் தாண்டியவையும் பதிவாகியிருக்கின்றன. அதன் குட்டி கருப்பாக இருக்காது. சாம்பல் நிறத்தில் கருந்திட்டுகளோடு முட்டையிலிருந்து வரும். வயது ஏற ஏற வடக்குப் பகுதிகளில் அந்தத் திட்டுகள் கருமையில் கரைந்துபோகும். அமெரிக்க விவசாயிகளுக்கு இது பழக்கமான பாம்பு. சோளம் குவித்த கொட்டகையில் எலி பெருகினால் எலிப்பாம்பும் வந்து தங்கும். அதை அடிக்காமல் விட்டுவைக்கும் விவசாயிகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கோழி முட்டையையும் குஞ்சையும் விழுங்குகிறது என்று அடிப்பவர்களும் உண்டு.

இதன் வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் ஒரு தனிச்சிறப்பு தெரியும். பெரும்பாலான பாம்புகளுக்கு வயிற்றுச் செதில் வளைவாக மேலேறி விலாவோடு சேரும். எலிப்பாம்புக்கு அது விளிம்பில் சட்டென்று மடிந்து ஒரு முனையை உண்டாக்குகிறது. உடலைக் குறுக்கே வெட்டினால் அடி தட்டையாகவும் மேல் வளைவாகவும், பேக்கரி ரொட்டியின் வடிவில் இருக்கும். அந்த இரு பக்க விளிம்புகளை மரப்பட்டையின் வெடிப்புகளில் பதித்து, கிளையே இல்லாத நேர்த்தண்டிலும் செங்குத்தாக ஏறிவிடும். வீட்டில் வளர்ப்பவர்கள் பலரும் இதை முதல் வாரத்திலேயே கண்டுகொள்வார்கள். கூண்டின் மூலையில், மூடி சரியாகப் பொருந்தாத இடம் எது என்பது அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே பாம்புக்குத் தெரிந்துவிடும்.

மரமேறுவது எதற்காக? பறவைக் கூடுகளுக்காக. வட அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளில் கூட்டைக் கொள்ளையிடும் விலங்குகளில் எலிப்பாம்பு முன்வரிசையில் நிற்கிறது. கூடு எங்கே என்று அதற்கு எப்படித் தெரிகிறது? மோப்பம் மட்டும் போதாது. மரத்தின் உச்சியில் இருக்கும் கூட்டின் மணம் தரையில் கிடக்கும் பாம்பை எட்டுவது அரிது. ஸ்டீபன் மல்லின், ராபர்ட் கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1998-இல் சாம்பல்நிற எலிப்பாம்புகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தாய்ப்பறவையின் வரத்துப்போக்கைப் போன்ற அசைவு கூட்டருகே கண்ணில் பட்டபோது பாம்புகள் மரக்கூட்டை எளிதாகக் கண்டுபிடித்தன. அதாவது, இது பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேட்டைக்காரன். ஒரே இடத்தில் கிடந்து, வருவதைக் கடிக்கும் மலைப்பாம்பின் வழி வேறு. இது போகிறது, தேடுகிறது, தலையை உயர்த்தி நிறுத்திப் பார்க்கிறது, மறுபடி போகிறது.

நாம் அறைக்குள் நடக்கும்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலை நிமிர்த்தி நம் அசைவைப் பின்தொடரும் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது என்று நான் நினைக்கிறேன். வளர்ப்பவர்கள் அதைப் பார்த்து, "என்னைத் தெரிந்துகொண்டது" என்று நெகிழ்கிறார்கள். நெகிழ்வதில் தவறில்லை. ஆனால் அந்தப் பார்வைக்குப் பின்னால் எத்தனையோ லட்சம் ஆண்டுகளாகப் பறவைகளின் போக்குவரத்தைக் கணக்கெடுத்த கண்கள் இருக்கின்றன என்று தெரிந்தால் வியப்பு கூடுமே தவிர குறையாது.

இந்தப் பாம்பு கொடுத்த நெருக்கடியில் ஒரு பறவை புதிய உத்தியையே வளர்த்துக்கொண்டிருக்கிறது. தென்கிழக்கு அமெரிக்காவின் நீளிலைப் பைன் காடுகளில் வாழும் செங்கன்ன மரங்கொத்தி, பட்ட மரத்தில் கூடு குடையாது. உயிருள்ள பைன் மரத்தைத்தான் குடையும். பொந்தைச் சுற்றிலும் சிறுசிறு குழிகளைத் தினமும் கொத்திப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குழிகளிலிருந்து பிசின் வழிந்து தண்டு முழுவதும் வெள்ளையாகப் படியும். எலிப்பாம்பின் வயிற்றுச் செதில்களில் அந்தப் பிசின் ஒட்டினால் செதில்கள் அசையாமல் பிடித்துக்கொள்ளும். பாம்பால் ஏற முடியாது. ருடால்ஃப் என்பவரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்து 1990-இல் எழுதினார்கள். ஒரு பறவை தன் வாழ்நாள் உழைப்பில் இவ்வளவு பெரிய பங்கை ஒரே எதிரிக்காகச் செலவிடுகிறது என்றால், அந்த எதிரியின் விடாமுயற்சி எத்தகையதாக இருக்க வேண்டும்!

இது வேட்டையாடும் பக்கம். எலிப்பாம்பு வேட்டையாடப்படும் பக்கமும் ஒன்று உண்டு. கடிக்கும் குணம் அங்கே பிறந்தது.

பருந்து, ஆந்தை, ரக்கூன், நரி எல்லாம் இதைத் தின்னும். பிற பாம்புகளையும் வேட்டையாடும் கிங்ஸ்நேக்கும் தின்னும். பென்னிங்கும் மூனும் 2017-இல் இந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். தசையின் அளவில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் கிங்ஸ்நேக் உடலை ஒழுங்கான சுருளாகச் சுற்றி இறுக்குவதால் அதன் அழுத்தம் எலிப்பாம்பின் அழுத்தத்தைவிட மிக அதிகம். எனவே எலிப்பாம்பால் அதை எதிர்த்து வெல்ல முடியாது. குட்டிப் பருவத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பென்சில் நீளத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும் குட்டியை விழுங்க ஒரு பெரிய தவளைகூடப் போதும்.

அப்படிப்பட்ட விலங்கு தன்னைக் காத்துக்கொள்ள எத்தனை வழிகள் வைத்திருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால், அதில் ஓர் ஒழுங்கு தெரியும். முதலில் அசையாமல் உறைந்துவிடும். திறந்த வெளியில் அகப்பட்டால் கருப்பு எலிப்பாம்பு தன் உடலை நெடுகச் சிறுசிறு கோணல்களாக மடித்துக்கொண்டு விறைத்துக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த கொம்பு. எதிரி இன்னும் நெருங்கினால் வாலை வேகமாக அதிரச் செய்யும். சருகின் மேல் அந்த வால் படும்போது எழும் ஓசை கிலுகிலுப்பைப் பாம்பின் எச்சரிக்கையைப் போலவே கேட்கும். அதற்கும் விலகாவிட்டால், கழுத்தை எஸ் வடிவில் பின்னுக்கிழுத்துத் தலையைத் தட்டையாக்கி அகலமாகக் காட்டும். பிறகே பாய்ச்சல், அதிலும் வாயை மூடிக்கொண்டே முட்டும் பொய்ப் பாய்ச்சல்கள் உண்டு. கையில் பிடித்துவிட்டால் கழிவுத் துளையருகே உள்ள சுரப்பிகளிலிருந்து நாற்றம் பிடித்த நீரைப் பீச்சும். ஃபாக்ஸ் ஸ்நேக் என்ற இனத்தின் நாற்றம் நரியின் வாடையை ஒத்திருக்கும் என்பார்கள்.

வாலாட்டலைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். கிலுகிலுப்பைப் பாம்பைப் பார்த்து எலிப்பாம்பு காப்பியடிக்கிறது என்று நெடுங்காலம் பேசப்பட்டது. வட கரோலினாவைச் சேர்ந்த பிராட்லி ஆல்ஃபும் உடனாய்வாளர்களும் பலவகைப் பாம்புகளின் வாலதிர்வைப் பதிவுசெய்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். கிலுகிலுப்பைப் பாம்புக்கு உறவில் நெருங்கிய இனங்கள் அதிர்வின் வேகத்திலும் கால அளவிலும் அதை அதிகம் ஒத்திருந்தன. அப்படியென்றால், வாலை அதிரவைக்கும் பழக்கம் முதலில் தோன்றியது. கிலுகிலுப்பை என்ற உறுப்பு பின்னால் வந்து அந்தப் பழக்கத்தில் பொருந்தியது என்று அவர்கள் வாதிடுகிறார்கள். எலிப்பாம்பின் வாலில் நாம் பார்ப்பது அந்தப் பழைய அச்சத்தின் மொழி.

இந்த வரிசையில் எங்கும் கோபம் இல்லை. ஒவ்வொரு படியிலும் பாம்பு எதிரிக்கு விலகிப்போக ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. கடி கடைசிப் படி. "முரட்டுப் பாம்பு" என்று நாம் சொல்லும் பாம்பு, மற்றவற்றைவிட அதிகமாகப் பயப்படும் பாம்பு. இதைப் புரிந்துகொண்டவர் தன் கையில் இரத்தம் கசிந்தாலும் பாம்பைத் திட்டமாட்டார். கடியும் அப்படியொன்றும் பெரிதல்ல. உள்நோக்கி வளைந்த சிறு பற்கள் ஊசி குத்தியதுபோல் வரிசையாகப் பதியும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கடிபட்ட கையை வெடுக்கென்று இழுத்தால்தான் தோல் கிழிவதோடு பாம்பின் பல்லும் முறியும்.

எல்லா எலிப்பாம்பும் ஒரே அளவு பயந்தவை அல்ல. கார்ன் ஸ்நேக், காட்டில் பிடித்ததுகூட, பெரும்பாலும் சாதுவானது. மேற்கு டெக்சாஸிலும் வடகிழக்கு மெக்சிகோவிலும் பாறை இடுக்குகளில் வாழும் பேர்ட் எலிப்பாம்பு அமைதிக்குப் பெயர்போனது. டெக்சாஸ் எலிப்பாம்புக்கு அந்தப் பெயர் கிடையாது. அது முதலில் கடிக்கும், பிறகு யோசிக்கும் என்பார்கள். ஆனால் இனத்தின் பெயரை மட்டும் வைத்து ஒரு பாம்பை எடைபோடுவது பிழை. ஒரே அடையில் பொரித்த குட்டிகளில்கூட ஒன்று கையில் நிதானமாக ஊர்ந்துபோகும். அதன் உடன்பிறப்பு பெட்டியின் நிழலைப் பார்த்தாலே வாலை அதிரவைக்கும். தனியாள் குணம் பாம்புக்கும் உண்டு.

வளர்ப்பில் பல தலைமுறைகள் கடந்ததால் கார்ன் ஸ்நேக் சாதுவாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாயையும் மாட்டையும் போல இதைக் குணத்துக்காகத் தேர்ந்து பெருக்கியது அரிது. தேர்ந்தெடுத்தது நிறத்துக்காக. 1953-இல் வட கரோலினாவில் கருநிறமியே இல்லாத ஒரு கார்ன் ஸ்நேக் பிடிபட்டது. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த தோல் மருத்துவர் பெர்னார்ட் பெக்டெல் அதைச் சாதாரணப் பாம்போடு இணைசேர்த்து, அதன் வாரிசுகளையும் தம்முள் சேர்த்து, அந்த நிறமின்மை மெண்டலின் விதிப்படி ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது என்று காட்டினார். தன் மனைவியோடு சேர்ந்து அதை 1962-இல் கட்டுரையாக வெளியிட்டார். பாம்புகளில் மரபியலின் முதல் தெளிவான பாடங்களில் அதுவும் ஒன்று. அதன் பின்னால் இருப்பது ஓசிஏ2 என்ற மரபணுவில் ஏற்பட்ட கோளாறு என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வகம் பிற்பாடு கண்டறிந்தது. இன்று சந்தையில் உள்ள சிவப்பு, வெள்ளை, லாவெண்டர் நிறக் கார்ன் ஸ்நேக்குகள் எல்லாம் இப்படி நிறத்துக்காகத் தேர்ந்து பெருக்கப்பட்டவை. நிறம் மாறியிருக்கிறது. குட்டியின் பயம் மாறவில்லை.

அந்தப் பயம் எப்படித் தணிகிறது? பழகுவதால். ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்து, அதனால் தீங்கு எதுவும் நேராதபோது விலங்கின் எதிர்வினை குறைந்துகொண்டே போகும். ஆனால் தூண்டல் மிகக் கடுமையாக இருந்தால் இதற்கு நேரெதிராக எதிர்வினை கூர்மையாகும். வளர்ப்பவரின் திறமை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மேலிருந்து கையைக் கொண்டுபோனால் பாம்புக்கு அது பருந்து. பக்கவாட்டில் தாழ்வாக, தயங்காமல் கொண்டுபோய் உடலின் நடுப்பகுதியை ஏந்தினால் அதே பாம்பு அமைதியாக வரும். சில நிமிடம் வைத்திருந்து, பாம்பு நிதானமாக இருக்கும்போதே பெட்டியில் விட வேண்டும். அது உதறித் திமிறும்போது விட்டால், திமிறினால் விடுதலை என்ற பாடத்தைத்தான் கற்பிக்கிறோம்.

நாக்கைக் கவனிப்பதே இதில் பாதி வித்தை. நாக்கு நீண்டு, மெதுவாக மேலும் கீழும் அசைந்து உள்ளே போனால் பாம்பு ஆராய்ந்துகொண்டிருக்கிறது. காற்றில் உள்ள மணத்துகள்களை மேல்வாயில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. நாக்கே வராமல், உடல் விறைத்து, தலை அசையாமல் இருந்தால் பயந்திருக்கிறது. அப்போது தொடக் கூடாது. சட்டை உரிப்பதற்கு முந்தைய நாள்களில் கண்ணின் மேல் உள்ள கண்ணாடிச் செதில் பால்போல் மங்கி, பார்வை குன்றும். பார்த்துப் பிழைக்கும் விலங்குக்குப் பார்வை போனால் எப்படியிருக்கும்? மிகச் சாதுவான பாம்பும் அந்த நாள்களில் கடிக்கும். இரை விழுங்கியபின் இரண்டு நாள் தொடாமல் விட வேண்டும். இல்லாவிட்டால் விழுங்கியதைக் கக்கிவிடும். கையில் எலி வாடை இருந்து, பாம்பு உங்களைக் கடித்துச் சுற்றினால் குற்றம் பாம்புடையது அல்ல.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. பெட்டியின் ஒரு முனை ஏறக்குறைய 30 டிகிரி, மறுமுனை 23 டிகிரி வெப்பம். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ள இந்த இரண்டும் வேண்டும்; சூடில்லாமல் செரிமானம் நடக்காது. இரு முனையிலும் ஒளிந்துகொள்ள இடம். குட்டிக்கு வாரம் ஒரு சிறு எலி, வளர்ந்ததற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று. உறையவைத்து விற்கும் எலியைக் குளிர் நீங்கவைத்துக் கொடுப்பதே நல்லது. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிய கதைகள் ஏராளம். தொட்டபின் கை கழுவ வேண்டும், ஊர்வனவற்றின் உடலில் சால்மனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இவற்றை வளர்க்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

பெட்டியின் அளவைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்ல மனம் ஒப்பவில்லை. வணிகமாக வளர்ப்பவர்கள் பாம்புகளைப் பிளாஸ்டிக் இழுப்பறைகளில் அடுக்கி வைப்பார்கள். உடம்பை நீட்டக்கூட இடமிருக்காது. காகித விரிப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், அவ்வளவுதான். பாம்பு தின்கிறது, முட்டையிடுகிறது, ஆகவே நலமாக இருக்கிறது என்பது அவர்கள் வாதம். டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆல்ம்லி என்பவரும் கோர்டன் பர்கார்ட்டும் எலிப்பாம்புகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை வெறும் பெட்டியிலும் மறுபிரிவை ஏறவும் ஒளியவும் தேடவும் வசதியுள்ள பெட்டியிலும் வளர்த்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வில், வசதியோடு வளர்ந்தவை புதிய சூழலுக்கு விரைவாகப் பழகின. சிக்கல் தீர்க்கும் சோதனையிலும் சிறந்தன. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகக் குழு கார்ன் ஸ்நேக்குகளுக்குச் சிறிய பெட்டி, பெரிய பெட்டி இரண்டையும் திறந்துவிட்டபோது அவை பெரிய பெட்டியையே விரும்பின. அதே குழுவின் இன்னோர் ஆய்வு, தெரிந்த மனிதரின் வாடையையும் தெரியாதவரின் வாடையையும் பாம்பு வேறுபடுத்துவதை அதன் வாழிடத்தின் வளம் பாதிக்கிறது என்று காட்டியது.

இதையெல்லாம் படித்தபின், இழுப்பறையில் கிடக்கும் எலிப்பாம்பை "அமைதியானது" என்று மெச்சுவது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது. ஏறவும் பார்க்கவும் தேடவும் படைக்கப்பட்ட விலங்கு செய்வதற்கு எதுவுமின்றிக் கிடப்பதற்குப் பெயர் அமைதி அல்ல. எலிப்பாம்பின் சுபாவத்தை விரும்புகிறவர் அந்தச் சுபாவம் வெளிப்பட இடம் கொடுக்க வேண்டும்: உயரமான பெட்டி, சொரசொரப்பான பட்டையுள்ள கிளைகள், அடிக்கடி மாற்றியமைக்கும் சருகும் மரத்துண்டும். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹோல்ட்ஸ்மன் 1999-இல் கார்ன் ஸ்நேக் குட்டிகளை வட்ட அரங்கில் விட்டு, பல துளைகளில் எது ஒளிவிடத்துக்குப் போகிறது என்று கற்றுக்கொள்ளவைத்தார். சில நாள் பயிற்சியிலேயே அவை சரியான துளையை நோக்கி நேராகப் போயின. அந்த மூளைக்கு வேலை வேண்டும்.

நம்மை நேசிக்கிறதா என்று கேட்டால், அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. நம் வாடையைத் தெரிந்துகொள்ளலாம், நாம் ஆபத்தல்ல என்று கற்றுக்கொள்ளலாம், நம் கையை ஏறத்தக்க ஒரு கிளையாக ஏற்கலாம். எலிப்பாம்பின் முதல் பயத்தைப் பார்த்தவருக்கு இதுவே பெரிய கொடை.

ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் எலிப்பாம்பின் சொந்தங்கள் மனிதரோடு வாழ்ந்திருக்கின்றன. ஜப்பானின் இவாகுனி நகரில் வெள்ளை நிற ஜப்பானிய எலிப்பாம்புகள் நெற்களஞ்சியங்களின் எலிகளைத் தின்று பெருகின. மக்கள் அவற்றைப் பென்சைதென் தெய்வத்தின் தூதர்களாக மதித்துக் காத்தார்கள். பென்சைதென், பௌத்தத்தோடு ஜப்பான் சென்ற நம் சரஸ்வதிதான். 1924-இல் அரசு அந்தப் பாம்புகளின் வாழிடத்தை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. இத்தாலியின் அப்ருட்சோ மலைப்பகுதியில் கொக்குல்லோ என்ற சிற்றூரில் மே முதல் நாள் புனித தொமினிக் சிலைக்கு உயிருள்ள பாம்புகளை மாலையாகச் சூட்டி ஊர்வலம் போவார்கள். அதில் பெரும்பாலானவை நால்வரி எலிப்பாம்புகள். ஐந்தடிக்கு மேல் வளரும் இந்தப் பாம்பு காட்டில் பிடித்த கணத்திலேயே கடிக்காமல் கையில் ஊரும் சாது. திருவிழாவுக்குப் பின் அவற்றைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பிடிப்பதற்கும் விடுவதற்கும் இடையே ஆய்வாளர்கள் அவற்றை அளந்து, நோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

வளர்க்க விரும்புவோர் மனதில் வைக்க வேண்டியவை சில உண்டு. எலிப்பாம்பு இருபது ஆண்டுகூட வாழும். கல்லூரிப் பருவத்தில் வாங்குபவர் நடுவயது வரை அதற்குப் பொறுப்பாளி. தப்பித்தால் சிக்கல் ஊருக்கு. வேல்ஸ் நாட்டின் கொல்வின் பேயில் 1970-களில் விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து நழுவிய, எலிப்பாம்புகளின் ஐரோப்பிய உறவான எஸ்குலாபியப் பாம்புகள் இன்றும் அங்கே வீட்டுக் கூரைகளிலும் மட்குக் குவியல்களிலும் சூடு தேடி இனப்பெருக்கம் செய்கின்றன. அவற்றால் பெருந்தீங்கு தெரியவில்லை. ஒகினாவா தீவில் வேரூன்றிவிட்ட தைவான் எலிப்பாம்பு அப்படியல்ல. தீவின் பறவைகளுக்கு அது புதிய எதிரி. காட்டிலிருந்து பிடித்து வளர்ப்பதும் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எலிப்பாம்புகள் பாறைப் பிளவுகளில் கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அப்படியொரு பிளவைக் கண்டுபிடிக்கும் ஒருவர் அந்த வட்டாரத்துப் பாம்புகளையே ஒரு சாக்கில் அள்ளிவிட முடியும்.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவருக்குத் தன் ஊர்ச் சாரையைப் பிடித்து வளர்க்கலாமே என்று தோன்றலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டத்துக்கு முன் சாரைத்தோல் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. இருளர்கள் பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்றுத்தான் பிழைத்தார்கள். தோல் வணிகம் நின்றபின், 1978-இல் அவர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, நஞ்செடுத்து உயிரோடு விடும் தொழில் வந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் சாரை வீட்டுக்கு ஆகாது. நாளெல்லாம் ஓடி வேட்டையாடும் அந்த ஏழெட்டடி உடலை எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது. அடைத்தால் மூக்கு புண்ணாகும்வரை சுவரில் உராய்ந்துகொண்டே இருக்கும்.

அதன் சுபாவத்தைக் காண வயல்வரப்பு போதும். நெருக்கினால் கழுத்தை உப்பவைத்து உறுமும். இரண்டு சாரைகள் பின்னிப்பிணைந்து எழுந்து நிற்பதைப் பார்த்தால், நல்லபாம்போடு சாரை சேர்கிறது என்று ஊரில் சொல்வார்கள். அவை இரண்டுமே ஆண் சாரைகள், ஒன்றையொன்று தரையில் சாய்க்கப் போட்டியிடுகின்றன. தள்ளி நின்று அசையாமல் பார்த்தால் அவை நம்மைப் பொருட்படுத்தாமல் நெடுநேரம் மல்லுக்கு நிற்கும். வீட்டுக்குள் வந்துவிட்டால் வெளியேறும் வழியைத் திறந்துவைத்து விலகி நிற்கலாம். போகவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லலாம். அடையாளம் உறுதியாகத் தெரியாத எந்தப் பாம்பையும் கையால் தொட வேண்டாம்.